ஆறு டப்பா உப்பு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அந்த வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் பதினோரு பேர். பூசாரியின் மனைவி, ஆர்மோனியம் வாசிக்கும் டீச்சர், பேக்கரிக்காரர் வீட்டு மாமியாரும் மருமகளும், ஜாக்கெட் தைக்கும் சரசு, மேல்தெரு படகர் வீட்டு அக்கா, எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஏறி வந்த நான்கு பெண்கள், அப்புறம் நான். லயத்துப் பெண்கள் நால்வரில் ஒருத்தி மல்லிகா. சுண்டல் பொட்டலம் பதினொன்று கட்டியது நான்தான், அதனால் எண்ணிக்கை தவறாது. நீ அங்கே இல்லை. ஆனால் அன்று பேசியது முழுக்க உன்னைப் பற்றித்தான். உன் கையைப் பற்றி, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பத்துப் பேர் முன்னால் பேசினேன். அதனால் இந்தக் கடிதத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நீ வேலைக்காகக் கொச்சிக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது. தினமும் போனில் பேசுகிறோம். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரி, விடும்மா" என்பாய். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். எழுதினால் விட முடியாது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நீளமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

உனக்கு விரல் வீங்கத் தொடங்கிய நாட்களை நீ என்னிடம் சொன்னதைவிட மறைத்ததுதான் அதிகம். குன்னூரில் தேயிலை புரோக்கர் ஆபீசில் ருசி பார்க்கும் அறையில் உனக்கு வேலை. நீளமான மேசையில் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, பெரியவர் ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போகும்போது அவர் சொல்வதை நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு கிண்ணம் எடுத்து வைக்கிற கை, ஒரு காலையில் என் அடுக்களையில் ஒரு டம்ளரைத் தூக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அணைத்துக் குடித்தது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று சொன்னாய். நான் நம்பினேன். உன் சுடிதார் கொக்கியை நான் மாட்டிவிட வேண்டி வந்த நாளில்தான் எனக்கு உண்மை புரிந்தது. அப்படிப்பட்ட விரல்களோடு மூன்று வாரம் ஒரு கிண்ணம்கூட உடைக்காமல் வேலை செய்திருக்கிறாய். அதை உன் பெரியவர் பிற்பாடு அப்பாவிடம் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்தது வருத்தமா பெருமையா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கோவையில் டாக்டர் முடக்குவாதம் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய படையே வழி தவறி உடம்பின் மூட்டுகளை அடிக்கிறது என்று விளக்கினார். வாரம் ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும், ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்றார். அப்பா அதைக் கேட்டார். நீ எழுதிக்கொண்டாய். நான் மட்டும், இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இது ஏன் வந்தது, நான் என்ன தப்பாகச் சமைத்துப் போட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு டாக்டரிடம் பதில் இல்லை. என் போனில் இருந்தது.

யாரோ அனுப்பிய செய்தி. பாக்கெட் சாமான்களில் 621 என்று ஓர் எண் இருக்கும், அது குளூட்டமேட் என்கிற சுவை உப்பு, உடம்பின் படையைத் திருப்பிவிடுவது அதுதான் என்று எழுதியிருந்தது. கீழே யார் பெயரும் இல்லை. பெயர் இல்லாத கடிதம் வீட்டுக்கு வந்தால் அடுப்பில் போடுகிறவள் நான். அதை மட்டும் நான்கு முறை படித்தேன். உன் பள்ளிக்கூட அகராதியையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு அலமாரியில் இருந்த ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் வாசித்தேன். நூடுல்ஸ், சூப் பொடி, சிப்ஸ், நீ வேலை விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் வாங்கும் ஃபிரைடு ரைஸ், எல்லாவற்றுக்கும் தடை போட்டேன். முருகன் முன்னால் வைத்துத்தான் தடை போட்டேன். நீ சிரித்துக்கொண்டே சம்மதித்தாய். மாத்திரையும் தடையும் ஒரே வாரத்தில் தொடங்கின என்பதை மனதில் வைத்துக்கொள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டு எழுதினேன். வீட்டுக் கணக்கை முப்பது வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிற கை, இதையும் அப்படித்தான் எழுதியது. காலையில் உன் விரல் மடங்கி உள்ளங்கையைத் தொட எத்தனை நிமிடம், முந்தின நாள் என்ன சாப்பிட்டாய், மாதவிலக்கு நாள், நீ அழுத நாள், எல்லாம் அதில் இருக்கிறது. மூன்றாவது மாதம் உன் விரல்கள் மடங்கின. நீயே பின்னல் போட்டுக்கொண்டாய். அந்த வெள்ளிக்கிழமைதான் மண்டபத்தில் பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். என் மகளுக்கு முடக்குவாதம், காரணம் இந்த உப்பு, அதை நிறுத்தினேன், சரியாகிவிட்டது, மாத்திரை எல்லாம் ஒரு பேருக்குத்தான் என்று. எல்லோரும் கைகூப்பிக் கேட்டார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மல்லிகா மட்டும் அந்த எண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் விரலால் உள்ளங்கையில் எழுதிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் செய்தி உன்னிடம் வந்துவிட்டது. நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அடுக்களை வாசலில் நின்று, தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

"எங்கையப் பத்தி எங்கிட்டக் கேக்காமப் பேசீட்டயேம்மா."

எனக்கு அது சின்ன விஷயமாகப் பட்டது. நல்லதைத்தானே சொன்னேன் என்று வாதாடினேன். அதோடு நிற்காமல், முடி கொட்டுகிறது, ஒரு மண்டலம் மட்டும் அந்த மாத்திரையை நிறுத்திப் பார், நாற்பத்தெட்டு நாள் பத்தியத்தோடு இருந்தால் முருகன் கைவிட மாட்டார் என்று கேட்டேன். நீ முடியாது என்றாய். வாழ்க்கையில் முதல் முறையாக நீ எனக்கு முடியாது என்று சொன்னது அது. மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்த முடியாது என்கிற சொல்தான் உன் கைகளைக் காப்பாற்றியது.

மூன்றாம் நாள் நீ என் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பக்கம் பக்கமாகப் புரட்டினாய். எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினாய். அதற்கப்புறம்தான் கேட்டாய்.

"என்னம்மா இது, வலிச்ச நாளுக்கு மட்டும் சாப்பாடு எழுதி வெச்சிருக்கற? வலிக்காத நாள்ல எல்லாம் நான் பட்டினியா?"

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். கண்ணு, நீ சொன்னது சரி. உனக்கு விரல் மடங்காத காலைகளில் மட்டும்தான் முந்தின நாள் ஆபீசில் யார் என்ன கொடுத்தார்கள், பிஸ்கட்டா, மிக்சரா என்று குடைந்து கேட்டிருக்கிறேன். ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். உடனே எழுதிவிடுவேன். விரல் மடங்கிய காலைகளில் நான் கேட்கவே இல்லை. சாப்பாட்டுக் கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த நாட்களிலும் நீ அதே மிக்சரைச் சாப்பிட்டிருக்கிறாய், நீயே சொன்னாய். முப்பது வருடம் வரவையும் செலவையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதியவள், மகள் விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, கூட்டிப் போட்டு, தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

நீ அத்தோடு விட்டிருந்தால் நான் அவமானப்பட்டு இன்னும் பிடிவாதமாகியிருப்பேன். என்னை நீ அறிவாய். நீ தோற்கடிக்கவில்லை, கூட்டுச் சேர்த்துக்கொண்டாய். உன் ஆபீசில் சில நாள் எஸ்டேட் பெயரை மறைத்து, கிண்ணத்துக்கு எண் மட்டும் போட்டு வைப்பீர்கள் என்று சொன்னாய். பெரியவருக்கு நாற்பது வருட நாக்கு, அவருக்கே ஏன் என்று கேட்டேன். "பேரு தெரிஞ்சா நாக்கு பொய் சொல்லும்மா" என்றாய். நம் வீட்டிலும் அப்படி ஒன்று செய்யலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டேன், மாத்திரை நிற்காதவரை அவருக்குச் சம்மதம் என்றாய்.

ஆறு டப்பா. ஒன்று முதல் ஆறு வரை எண். வாரத்துக்கு ஒரு டப்பா. மூன்றில் வெறும் உப்பு, மூன்றில் அந்த 621 பொடி கலந்த உப்பு. எது எதில் என்று அப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர் நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்து, நான் கோயிலுக்குப் போன நேரத்தில் இரண்டையும் மிக்ஸியில் நைசாக அரைத்து, பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும்படி நிரப்பி வைத்தார். விவரத்தைச் சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். அங்கே வைத்தால் நான் தொடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். சமைக்கிறவளுக்கும் தெரியக் கூடாதே, நாக்கில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவேனே என்றேன். நீ சிரித்தாய். சாமிக்குப் படைக்கும் முன்னால் நான் எதையும் ருசி பார்க்க மாட்டேன், உப்பைக் கண்ணளவில் போடுகிறவள். "இந்த வேலைக்கு உன்னை விட்டா குன்னூர்லயே ஆள் இல்லம்மா" என்றாய். என் பக்தியை நீ கேலி செய்யவில்லை, அதற்கு ஒரு வேலை கொடுத்தாய். அதை நான் மறக்கவே மாட்டேன்.

அந்த ஆறு வாரமும் நீ வெளியில் ஒரு பிஸ்கட் தொடவில்லை. உன் பிறந்தநாள் அதில் வந்தது, ஆபீஸ் கேக்கைக்கூடக் கையில் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தாய். தினமும் காலையில் நீயே நிமிடம் பார்த்து எழுதினாய், நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் அதே கட்டம், அதே மை. மூன்றாம் டப்பா வாரம் மிக மோசம். மழையும் சேர்ந்துகொண்டது. நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம். நான் உள்ளுக்குள், இதுதான், இதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே பிடரி கனத்தது, நாக்கு தடித்த மாதிரி இருந்தது. பொறுக்க முடியாமல் அப்பாவிடம், ஏனுங்க, தலையாட்டியாவது சொல்லுங்க என்று கெஞ்சினேன். அவர் பேப்பரை இறக்காமல், "முருகன்கிட்டயே கேளு, அவர் முதுகுக்குப் பின்னாலதான் இருக்குது" என்றார்.

உறையைப் பிரித்தபோது இருந்தவர்கள் மூன்று பேர். நீ, நான், அப்பா. மூன்றாம் டப்பா வெறும் உப்பு. என் பிடரி கனத்ததும் நாக்கு தடித்ததும் வெறும் கல்லுப்புக்கு. நீ ஏழு நாளும் சிரமமில்லாமல் பின்னல் போட்டுக்கொண்ட நாலாம் டப்பாவில்தான் பொடி இருந்தது. மற்ற நான்கு வாரத்திலும் இதற்கு அது என்று சேர்த்துச் சொல்ல எதுவுமில்லை. நல்ல காலையும் கெட்ட காலையும் இரண்டிலும் கலந்து கிடந்தன.

நான் உன் முகத்தைத்தான் பார்த்தேன். ஜெயித்த முகமாக இல்லை. நோட்டைச் சரிபார்த்துக்கொண்டே, இது என் ஒருத்தி உடம்பு, ஆறே வாரம், ஊருக்கெல்லாம் தீர்ப்பு ஆகாது என்றாய். டாக்டரும் அதைத்தான் சொன்னாராம். இந்தப் பொடி இப்படிப்பட்ட நோயை உண்டாக்குகிறது என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை, சிலருக்குச் சாப்பிட்டதும் தலைவலி மாதிரி வரலாம், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடலாம், மாத்திரையை மட்டும் விடக் கூடாது. தக்காளியிலும் காளானிலும் அதே குளூட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது என்றாய். நான் நம்பாமல் பார்த்தேன். அப்போது நீ என் தோளில் சாய்ந்துகொண்டு, "தாய்ப்பால்லயே நிறைய இருக்குதாம்மா. நீதான் எனக்கு முதல்ல ஊட்டியிருக்கற" என்றாய். எத்தனை மாதமாக நான் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் இறக்கிவிட்டாய். அன்று மாலை நீயும் அப்பாவும் தள்ளுவண்டிக்குப் போய் எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய் மட்டும் அதிகம்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனி உனக்குத் தெரியாதது.

உறையைப் பிரித்த பிறகு நான் மண்டபத்தில் எழுந்து நின்று, போன முறை சொன்னது தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். வெட்கம்தான், வேறு காரணம் கிடையாது. எட்டு மாதம் அப்படியே ஓடிவிட்டது. போன வெள்ளிக்கிழமை பஜனையில் ஜால்ராவை மல்லிகாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பாட்டு முடிந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உன் விரல்கள் ஆரம்பத்தில் எப்படி இருந்தனவோ அதைவிட மோசம். இரண்டு விரல் பக்கவாட்டில் சாயத் தொடங்கியிருக்கின்றன. அவளுக்கும் உன் நோய்தான், உனக்கு முன்பே வந்தது, ஆஸ்பத்திரியில் உன் மாத்திரையேதான் கொடுத்திருக்கிறார்கள். நான் பேசிய அந்த வாரத்திலேயே மாத்திரையை நிறுத்திவிட்டாள். கண்ணு, நிறுத்தியது பத்து மாதம்.

மறுநாள் காலை லயத்துக்கு இறங்கிப் போனேன். முப்பத்து நாலு வயது, தேயிலைச் செடி நிரை முழுக்க முதலில் கொழுந்தெடுத்து முடிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள். இப்போது கூடை நிறைவதில்லை, பாதி நாள் கூலிதான் எழுதுகிறார்கள், அரைப் பேர் என்று அவர்கள் அதைச் சொல்கிறார்கள். ஆறு டப்பா கதையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். நான் சொன்னது தவறு, மன்னித்துவிடு, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க டாக்டரிடம் போகலாம், நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எனக்குத் தேநீர் கொடுத்தாள், டம்ளரை உன்னைப் போலவே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து.

"அன்னைக்கும் நீங்கதானே சொன்னீங்க அக்கா. இன்னைக்கும் நீங்கதானே சொல்றீங்க. நான் எந்த அக்காவை நம்புறது?"

அப்புறம் அவளே, உங்கள் பாப்பா தன் கையால் எழுதிய நோட்டைக் காட்டுங்கள், அதைப் பார்த்தால் போகிறேன் என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். எண்களை அவளே பார்த்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். அங்கே நின்றுவிட்டேன். அதில் உன் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. உன் மாதக் கணக்கு இருக்கிறது. கொக்கி மாட்ட முடியாமல் நீ குளியலறையில் உட்கார்ந்து அழுத நாள், தேதியோடு என் எழுத்தில் இருக்கிறது. எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று நீ சொன்ன வார்த்தையையும் எழுதி வைத்திருக்கிறேன். உன் ஆறு வாரப் பக்கங்களை மட்டும் கிழித்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். அந்தப் பக்கங்களின் ஓரத்திலும் நீ உன் மனதை எழுதியிருக்கிறாய். மறைத்துக் காட்டினால் அவள் மறுபடியும் சந்தேகப்படுவாள், படுவதும் நியாயம். நல்ல காரியம்தானே, கண்ணு கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று ஒரு மனம் சொன்னது. போன முறையும் அதே மனம்தான் சொன்னது. திரும்பி வந்து நோட்டை முருகன் படத்துக்குப் பின்னால், உறை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்க மாட்டாள் என்று அப்பா பக்கத்தில் இருந்து சிரிக்கிறார். கொச்சிப் புழுக்கத்தில் தண்ணீர் நிறையக் குடி. பாக்கெட் சாமானைக் குறைத்துக்கொள், அதில் உப்பும் எண்ணெயும் அதிகம், எண்ணுக்குப் பயந்து அல்ல. மாத்திரை நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வை. உன் பெரியவரைப் போல் ஒரு நாள் நீயும் அந்த மேசை முன்னால் நின்று ருசி பார்ப்பாய், அப்போதும் உன் நாக்கை நீயே சந்தேகப்படு. இதெல்லாம் உனக்கு நான் சொல்லிக் கொடுத்தது போல எழுதுகிறேன், எல்லாம் உன்னிடம் கற்றது.

வரும் வெள்ளிக்கிழமை மண்டபத்தில் எழுந்து நின்று என் தவறைச் சொல்லப் போகிறேன். அதில் உன் பெயரும் உன் கையும் வராது, என் வாய் மட்டும்தான் வரும். அதற்கு உன்னிடம் அனுமதி தேவையில்லை. நோட்டு உன்னுடையது. அதை முழுசாக மல்லிகாவிடம் காட்டலாமா, காட்டினால் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்க மாட்டேன், தட்டைச் சத்தமாக வைக்க மாட்டேன், அவளை அழைத்துப் போக வேறு வழி தேடுவேன். கோவை ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டர் பார்ப்பது வியாழக்கிழமை. இந்தக் கடிதம் உனக்குத் திங்களன்று கிடைக்கும். புதன்கிழமைக்குள் உன் பதில் எனக்கு வேண்டும். சீக்கிரம் சொல்.

உன் அம்மா